ஒரு ஏக்கர் தண்ணீரில் ஆறு ஏக்கர் கோதுமை!

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்றுக்குப் போன இதழில் பதில் எழுதாமல் விட்டிருந்தேன். கேட்டவர் நிலக்கடலை விவசாயி. கிணற்றுத் தண்ணீர் இரண்டு ஏக்கருக்குத்தான் காணும், நிலமோ மூன்று ஏக்கர். ஒரு ஏக்கரைத் தரிசாகப் போட மனசில்லை. தண்ணீரைக் குறைத்துக் கட்டி மூன்றிலும் விதைத்தால் தேறுமா, அல்லது ஆசைப்பட்டு மூன்றையும் கோட்டை விடுவோமா என்று கேட்டிருந்தார்.

நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. இதே கேள்வியை நூற்றியிருபது வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு மனிதர் எடுத்துக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீரை அளந்து அளந்து விட்டு விடை தேடினார். அவர் பெயர் ஜான் விட்சோ. வேளாண் விஞ்ஞானி, இரண்டு பல்கலைக்கழகங்களின் தலைவர், கடைசியில் மார்மன் திருச்சபையின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவர். அவர் கண்டுபிடித்ததில் பாதி இன்றைக்கும் நிற்கிறது. மற்றப் பாதியை நம்பியவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செருப்புக்குள் வந்த துண்டுப் பிரசுரம்

விட்சோ பிறந்தது 1872 ஜனவரியில், நார்வே நாட்டுக் கடலோரத்தில் ஃப்ரோயா என்ற தீவில். அது மீனவர்கள் தீவு. அப்பா பள்ளி ஆசிரியர். பையனுக்கு ஆறு வயதாகும்போது அப்பா இறந்துபோனார். அம்மா அன்னா இரண்டு ஆண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ட்ரான்ட்ஹைம் நகரத்தில் குடியிருந்தார். அங்கே பிள்ளையின் செருப்பைத் தைக்கக் கொடுத்தபோது, தைத்துத் திரும்பி வந்த செருப்புக்குள் மார்மன் சமயத்துத் துண்டுப் பிரசுரம் மடித்து வைத்திருந்ததாம். செருப்பு தைத்தவர் அந்த சமயத்தைச் சேர்ந்தவர். அந்தக் குடும்பம் இன்றும் சொல்லும் கதை இது. 1881ல் அந்த அம்மா ஞானஸ்நானம் பெற்றார். 1883ல் பிள்ளைகளோடு கப்பலேறி அமெரிக்காவின் யூட்டா பகுதியில் லோகன் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். தையல் வேலை செய்துதான் பிள்ளைகளை வளர்த்தார்.

மார்மன்கள் யார் என்று கேட்பீர்கள். 1830ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய கிறிஸ்தவ வழிச் சபை அது. சாராயம், புகையிலை, டீ, காபி எதையும் தொடமாட்டார்கள். போன இடமெல்லாம் எதிர்ப்பு வந்து விரட்டப்பட்டு, பிரிகாம் யங் தலைமையில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு 1847 ஜூலையில் யூட்டாவின் உப்பேரிப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். அது ஆளில்லாத மண் இல்லை. யூட், ஷோஷோனி பழங்குடிகள் வாழ்ந்த இடம். பிற்பாடு அவர்கள் அங்கிருந்து நெருக்கித் தள்ளப்பட்டார்கள் என்பதும் வரலாறு.

வந்திறங்கியவர்கள் ஏர் பூட்டினார்கள், மண் கொழுவை முறிக்கிற அளவுக்குக் காய்ந்து கிடந்தது. ஓடையை மறித்துத் தண்ணீரைத் திருப்பி நிலத்தை நனைத்துப் பிறகுதான் உழ முடிந்தது. வருடத்துக்கு 15 அங்குலத்தை ஒட்டித்தான் மழையும் பனியும் சேர்ந்தே. நம் கணக்கில் 380 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்தில் பனியாக விழும். பயிர் நிற்கிற கோடையில் வானம் கையை விரித்துவிடும். அதனால் ஊர் கூடி வாய்க்கால் வெட்டுவது, முறை வைத்துப் பாய்ச்சுவது, நம் நீராணிக்காரர் மாதிரி ஒரு ஆளைப் போட்டு மடை திறப்பது என்று எல்லாம் ஏற்பட்டது. விட்சோ வளர்ந்தது இந்த வாய்க்கால் ஊரில்தான்.

படிப்பில் கெட்டிக்காரர். கடன் வாங்கிக்கொண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய் 1894ல் வேதியியலில் உயர்ந்த தகுதியோடு பட்டம் வாங்கினார். லோகனுக்கே திரும்பி வேளாண் கல்லூரியில் வேதியியலாளர் வேலை. 1898ல் திருமணம்; மனைவி லியா, பிரிகாம் யங்கின் பேத்தி. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆராய்ச்சி முடித்து 1899ல் டாக்டர் பட்டம். 1900ல் லோகன் ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநர் ஆனபோது வயது 28.

தண்ணீரை அளந்தவர்

அந்தக் காலத்து விவசாயிகள் தண்ணீர் கிடைத்த அன்றைக்கு நிலம் தளும்பத் தளும்ப விட்டார்கள். உரிமை இருக்கிறது, விடுகிறோம் என்ற எண்ணம். விட்சோ லோகனுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார். ஒன்றுக்கு 5 அங்குலம், ஒன்றுக்கு 7.5, ஒன்றுக்கு 10, அப்படியே 30 அங்குலத்துக்கு மேலும் அளந்து விட்டார். கோதுமை, மக்காச்சோளம், குதிரைமசால், சர்க்கரைக்கிழங்கு, உருளை என்று பல பயிர்களில், பல வருடம். ஒரு வருட முடிவை வைத்து அவர் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்கு நிற்கிற தண்ணீர் ஏறத்தாழ 1,03,000 லிட்டர். 30 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 31 லட்சம் லிட்டர். இந்த 31 லட்சம் லிட்டரையும் ஒரே ஏக்கர் கோதுமைக்கு விட்டபோது கிடைத்த மகசூல் சுமார் 47 புஷல், அதாவது 1,300 கிலோவுக்குச் சற்று குறைவு. அதே தண்ணீரை இரண்டு ஏக்கருக்குப் பிரித்தால் மொத்தம் 91 புஷல். மூன்று ஏக்கருக்கு 130. நான்குக்கு 166. ஆறு ஏக்கருக்கு, ஏக்கருக்கு வெறும் 5 அங்குலமாகப் பரப்பினால் 226 புஷல். 6,000 கிலோவைத் தாண்டிவிட்டது!

ஏக்கர் கணக்கில் பார்த்தால் 47 புஷல் 38 ஆகக் குறைந்தது, உண்மைதான். ஐந்தில் ஒரு பங்கு போனது. ஆனால் தண்ணீர் ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறதே! முதல் 5 அங்குலம் செய்த வேலையை அடுத்த 25 அங்குலம் செய்யவில்லை. அது வேருக்குக் கீழே இறங்கியது, ஆவியானது, சத்தைக் கழுவிக்கொண்டு போனது. யூட்டாவிலும் பக்கத்து மாநிலங்களிலும் அதிகத் தண்ணீர் கட்டிய நிலங்களில் நிலத்தடி நீர் மேலே ஏறி உப்புப் பூத்துப் பாழான கதைகள் ஏராளம். 1914ல் வெளிவந்த பாசன நூலில் இதையெல்லாம் விளக்கமாக எழுதினார்.

எனக்கு இதில் ஒரு வெட்கம் உண்டு. இத்தனை வருட சர்வீஸில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டுங்கள் என்று எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். எத்தனை லிட்டர் என்று அளந்து பார்க்கச் சொன்னது விரல் விட்டு எண்ணுகிற தடவைதான்.

மானாவாரிக்கு ஆறு பண்ணைகள்

வாய்க்கால் எட்டாத மேட்டு நிலம்தான் அங்கே அதிகம். அதில் என்ன செய்வது? விட்சோவும் உடன் வேலை பார்த்த லூயிஸ் மெரில் என்பவரும் வற்புறுத்தியதன் பேரில் 1903ல் யூட்டா சட்டமன்றம் ஆறு மாவட்டங்களில் மானாவாரிச் சோதனைப் பண்ணைகள் அமைக்கப் பணம் ஒதுக்கியது. ஆகர் என்கிற நீண்ட துளைப்பான் கருவியால் எட்டு அடி ஆழம் வரை மண்ணை எடுத்து, அடி அடியாக எத்தனை ஈரம் இருக்கிறது என்று பார்த்தார்கள். குளிர்காலத்துப் பனி உருகி அவ்வளவு ஆழத்துக்கு இறங்கி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மண்தான் ஏரி. அந்த ஏரியை நிரப்பவும், வேர் வந்து குடிக்கும் வரை காக்கவும் தெரிந்தால் போதும்.

1911ல் வந்த அவருடைய மானாவாரி விவசாய நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஒரு பவுண்டு உலர்ந்த பயிர்ப் பொருள் உண்டாக 750 பவுண்டு தண்ணீர் வேண்டும். வைக்கோலும் தானியமும் பாதிப்பாதி என்று வைத்தால் ஒரு பவுண்டு கோதுமைக்கு 1,500 பவுண்டு. அப்படியானால் ஒரு அங்குல மழையை மண்ணில் பிடித்து வைத்தால் ஏக்கருக்கு இரண்டரை புஷல், நம் அளவில் 68 கிலோ கோதுமை. 10 அங்குலம் பிடித்தால் 25 புஷல். மழை போதாது என்று அழுதவர்களிடம், விழுவதில் எவ்வளவு பிடித்தீர்கள் என்று திருப்பிக் கேட்க இந்தக் கணக்கு உதவியது.

அவர் சொன்ன முறை இதுதான். இலையுதிர் காலத்தில் ஆழ உழு. பனியும் மழையும் உள்ளே இறங்கட்டும். ஒரு வருடம் விதைக்காமல் நிலத்தை ஆறப்போடு, களையை அண்டவிடாதே. விதையைக் குறைத்து நெருக்கமில்லாமல் போடு. வறட்சி தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடு. மேல் மண்ணை அடிக்கடி கிளறிப் புழுதியாக வைத்திரு; அந்தப் புழுதிப் போர்வை கீழே இருக்கிற ஈரம் மேலே ஏறி ஆவியாகாமல் தடுக்கும்.

இதில் கடைசி ஒன்றுதான் காலை வாரியது.

புழுதி பறந்த கதை

இந்த முறை யூட்டாவில் ஓரளவு எடுபட்டதற்குக் காரணம் உண்டு. அங்கே மழை குளிர்காலத்தில், ஆவியாதல் குறைவான நாட்களில். மண் ஆழமானது. ஆனால் இந்த மானாவாரி அலை யூட்டாவோடு நிற்கவில்லை. 1909ல் அமெரிக்க அரசு மானாவாரி நிலத்தில் குடியேறுபவர்களுக்கு 320 ஏக்கர் தரச் சட்டம் போட்டது. ரயில் கம்பெனிகள் டிக்கெட் விற்க வேண்டும் என்பதற்காக விளம்பரம் செய்தன. ஹார்டி கேம்ப்பெல் என்பவர் ஏற்கெனவே புழுதி மூடாக்கு முறையை ஊர் ஊராகப் பரப்பிக்கொண்டிருந்தார். 1912ல் கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரில் கூடிய சர்வதேச மானாவாரி மாநாட்டுக்கு விட்சோ தலைவர். எல்லோரிடமும் ஒரே உற்சாகம்.

பெரும் சமவெளியில் நிலைமை வேறு. அங்கே மழை கோடையில் விழும், விழுந்த வேகத்தில் ஆவியாகும். ஆறப்போட்ட நிலத்தில் புழுதி மூடாக்கு வைத்து மண்ணில் தங்கியது, பெய்த மழையில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று பிற்காலத்தில் அளந்து சொன்னார்கள். மொன்டானா மாநிலத்தில் 1917க்குப் பிறகு மழை தொடர்ந்து பொய்த்தபோது, ஆசையோடு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் நிலத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். 1930களில் தெற்குச் சமவெளியில் புழுதியாகக் கிடந்த மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. 1935 ஏப்ரல் 14 அன்று பட்டப்பகல் இருட்டானது. அந்த வருடமே மண் பாதுகாப்புக்கென்று தனித் துறை ஏற்படுத்தினார்கள்.

இதற்கு விட்சோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. யுத்த கால கோதுமை விலை, டிராக்டர், வறட்சி, வங்கிக் கடன் என்று எத்தனையோ சேர்ந்தன. உழுதால் மழை வரும் என்று சிலர் கதை கட்டியபோது, மழை அளவு அப்படியெல்லாம் மாறாது என்று தெளிவாகச் சொன்னவர் அவர். ஆனாலும் புழுதிப் போர்வையில் அவர் வைத்த நம்பிக்கை அதிகம்தான். 1920களில் கலிபோர்னியாவில் வீமேயர் என்ற ஆராய்ச்சியாளர் சோதித்தபோது, நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கிற இடங்களில் மேல் மண்ணைக் கிளறுவதால் ஈரம் மிச்சமாகவில்லை, களை ஒழிவதால்தான் மிச்சம் என்று தெரிந்தது. மேல் மண் தானாகக் காய்ந்தாலே அது போர்வைதான். இப்போது அந்த நாட்டில் அறுவடைத் தாளை நிலத்தின் மேலேயே விட்டு, உழவைக் குறைத்து, அதனிடையே விதைக்கிறார்கள். தங்குகிற ஈரம் இரட்டிப்பாகியிருக்கிறது.

நம் கோடை உழவையும் இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். கோடை மழைக்குப் பின் சரிவுக்குக் குறுக்கே கட்டியாக உழுது போடுவது மழையை உள்ளே இறக்க. மாவாகப் புழுதி பண்ணுவதற்கு அல்ல.

பதவி போனதும் வந்ததும்

1905ல் கல்லூரிக்குள் நடந்த இழுபறியில் விட்சோவின் இயக்குநர் பதவி பறிபோனது. ப்ரோவோ நகரத்து பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே வேளாண்மைப் பாடத்தைத் தொடங்கினார். இரண்டே வருடத்தில், தன்னை வெளியேற்றிய அதே லோகன் கல்லூரிக்குத் தலைவராகத் திரும்பி வந்தார். 1907 முதல் 1916 வரை அந்தப் பொறுப்பு. ஆராய்ச்சியை ஊருக்குள் கொண்டுபோவதில் அவருக்கு ஆர்வம் அதிகம். குளிர்காலத்தில் வேலை ஓய்ந்த நாட்களில் விவசாயிகளையும் வீட்டுப் பெண்களையும் கூட்டிப் பாடம் நடத்துவார்கள். விரிவாக்கப் பணிக்கு அமெரிக்க அரசு சட்டம் போட்டுப் பணம் தந்தது 1914ல்தான். அதற்கு முன்பே இங்கே அது நடந்துகொண்டிருந்தது.

லியா அம்மாவையும் சொல்லாமல் விட முடியாது. அவர் மனையியல் படித்தவர், ப்ரோவோவில் அந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர். பண்ணை வீட்டுப் பெண்களின் வேலைச்சுமையைக் குறைக்கும் சாதனங்களைப் பற்றி லோகன் கல்லூரிக்காக ஒரு கையேடு எழுதினார். வயலுக்கு மட்டும் புது இயந்திரம் வாங்கினால் போதுமா, அடுப்படிக்கு வேண்டாமா என்பது அவர் கட்சி. நூறு வருடம் கழித்தும் நம் வீடுகளில் கேட்க வேண்டிய கேள்விதான். அந்தத் தம்பதிக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளில் பெரியவர்களாக வளர்ந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒரே மகன் மார்செல் 1927ல் இளம் வயதிலேயே இறந்தார்.

1916ல் சால்ட் லேக் நகரத்து யூட்டா பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார். அதற்கு முந்தைய வருடம் அங்கே சில பேராசிரியர்கள் நீக்கப்பட்டு, அதைக் கண்டித்துப் பலர் ராஜினாமா செய்து, பெரிய ரகளை. அந்த நேரத்தில் போய் உட்கார்ந்து ஐந்து வருடம் ஓட்டினார். 1921ல் திருச்சபை அவரை அப்போஸ்தலராக அழைத்ததும் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார்.

கடனைப் பற்றி ஒரு அறிக்கை

என் கண்ணுக்கு அவர் செய்ததில் பெரியது இதற்குப் பிறகு வந்தது. அமெரிக்க அரசு 1902ல் சட்டம் போட்டுப் பாலைவனத்தில் அணைகள் கட்டியது. செலவைப் பாசன விவசாயிகள் பத்து வருடத்தில் வட்டியில்லாமல் கட்ட வேண்டும். முடியவில்லை. 1914ல் இருபது வருடமாக நீட்டினார்கள். அதுவும் முடியவில்லை. 1923ல் காரணம் கண்டறிய ஒரு குழு போட்டார்கள். விட்சோ அதில் உறுப்பினர், செயலாளரும் அவர்தான்.

அதுவரை விவசாயி ஏமாற்றுகிறான், சோம்பேறி என்று பேசினவர்கள் உண்டு. குழு இறங்கிப் பார்த்தது. விளையாத மண்ணுக்கும் விளைகிற மண்ணுக்கும் ஒரே கட்டணம். மண்ணைச் சோதிக்காமலே வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். வந்து குடியேறியவர்கள் கையில் முதலே கிடையாது. வீடு கட்ட, மேடு சமன் செய்யத் தனியாக வேறு கடன். அறிக்கையின் பேரில் 1924 டிசம்பரில் வந்த சட்டம், நிலத்தைத் தரம் பிரித்து, ஏக்கருக்கு வருகிற சராசரி மொத்த வருமானத்தில் 5 சதவீதம் கட்டினால் போதும் என்றது. விளைச்சலைப் பார்த்துக் கடன் தவணை! அந்த ஏற்பாடு இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை. 1926ல் மாற்றி 40 வருடத் தவணை ஆக்கினார்கள். நிலத்தைத் தரம் பார்த்த பிறகே பாசனத் திட்டம் என்கிற வழக்கம் மட்டும் நிலைத்தது.

அதன் பின் திருச்சபைப் பணியாக ஐரோப்பாவில் சில வருடங்கள். எண்பது வயதில், 1952 நவம்பரில் காலமானார்.

இனி நம் வாசகருக்கு. ஆறு ஏக்கர் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். விட்சோவின் பாத்தியில் குளிர்காலத்து ஈரம் ஏற்கெனவே பல அடி ஆழத்துக்கு இருந்தது. 5 அங்குலம் என்பது அதன் மேல் விட்டது. உங்கள் செம்மண்ணில் ஒன்றரை அடிக்குக் கீழே சரளை என்றால் அந்தக் கணக்கு செல்லாது. தண்ணீர் அவருக்குக் குறைவு, நிலம் ஏராளம். உங்களுக்கு இன்னொரு ஏக்கர் என்றால் விதைக்கடலை, உழவு, களை, ஆள் கூலி எல்லாம் கூடும். நிலக்கடலை பூக்கிற சமயம், விழுது இறங்கும் சமயம், காய் பிடிக்கும் சமயம் மூன்றிலும் ஈரம் தவறினால் பின்னால் எவ்வளவு பாய்ச்சியும் ஈடு கட்ட முடியாது. மூன்று ஏக்கருக்கும் அந்தச் சமயத்தில் கிணறு ஈடுகொடுக்காது என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

ஆகவே இந்த வருடம் இரண்டு ஏக்கரோடு அரை ஏக்கர் மட்டும் கூட்டுங்கள். மீதி அரை ஏக்கரில் எள்ளோ உளுந்தோ மானாவாரியாக விதையுங்கள். கடலையில் நான்கு பாத்திகளுக்குக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். இரண்டு பாத்திக்கு வழக்கம்போல் தண்ணீர். மற்ற இரண்டுக்கும் மேலே சொன்ன மூன்று சமயத்திலும் குறைக்காமல், மற்ற நாட்களில் முக்கால் நேரம் மட்டும். அறுவடையில் நான்கையும் தனித்தனியாக எடை போடுங்கள்.

அளப்பதற்குக் கருவி வேண்டாம். மோட்டார் தண்ணீர் விழுகிற இடத்தில் 200 லிட்டர் டிரம்மை வைத்து எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 40 விநாடி என்றால் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் கட்ட ஏறத்தாழ 5 மணி 45 நிமிடம் ஓட வேண்டும். மண் வாய்க்காலில் போவது கழிவு வேறு. கடலை பிடுங்கியதும் நான்கு பாத்தியின் எடையையும் எழுதி அனுப்புங்கள், இதே பகுதியில் போடுகிறேன்.